விரல் எங்கே நிற்கிறது? ஆறாத பிட்ட வலிக்கு வழி தேடுகிறவர்களுக்கு

பிட்டத்துக்குள் ஆழத்தில் குடைகிற வலியோடு வருகிறவர்களிடம் நான் முதலில் ஸ்கேனை வாங்கிப் பார்ப்பதில்லை. "ஒரே ஒரு விரலை வெச்சுக் காட்டுங்க" என்பேன். உள்ளங்கையை இடுப்பில் வைத்துத் தொடை வரை தடவுவார்கள். "கை வேண்டாம், விரல்." கொஞ்சம் தேடி, அழுத்திப் பார்த்து, கடைசியில் ஓரிடத்தில் விரல் நிற்கும். பிசியோதெரபிஸ்ட்டாக எனக்கு இதைவிடப் பயனுள்ள முதல் பரிசோதனை வேறில்லை.

ஒரு சாண் பரப்புதான். அதற்குள் முதுகிலிருந்து இறங்கும் நரம்பு, இடுப்பு மூட்டு, முதுகெலும்பின் அடிப்பாகம் இடுப்பெலும்போடு சேரும் எஸ்ஐ மூட்டு, அடுக்கடுக்கான தசைகள், தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்கள், உராய்வைக் குறைக்கும் சின்னச் சின்ன நீர்ப்பைகள் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. இதில் எது கெட்டாலும் வருகிறவர் சொல்வது "சயாட்டிகா மேடம்", அதாவது காலுக்கு இறங்கும் நரம்பு வலி. யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்து, காலை மடக்கி நெஞ்சோடு இழுக்கத் தொடங்கியிருப்பார். அந்த இழுவை ஒருவருக்கு மருந்து, இன்னொருவருக்கு அதுவே வலியை வளர்க்கிற வேலை. அதனால் இழுப்பதை இப்போதைக்கு நிறுத்திவிட்டு மேலே படியுங்கள்.

வீட்டில் பார்த்துக்கொள்ளக் கூடாதவை

சிறுநீர் முட்டிக்கொண்டும் இறங்காமல் நிற்கிறது, அல்லது தெரியாமலே கசிகிறது. மலம் அடக்க முடியவில்லை. கழுவும்போது பிறப்புறுப்பு, ஆசனவாய்ப் பக்கம் மரத்துப்போய் இருக்கிறது. இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். முதுகின் அடியில் நரம்புக் கற்றை நசுங்குவதன் அறிகுறி அது. விடியட்டும் என்று காத்திருந்தால் நிரந்தரமாகவே கட்டுப்பாடு போய்விடலாம்.

பாதத்தைத் தூக்க முடியாமல் தரையில் தேய்ந்து நடப்பது, காய்ச்சலோடு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வரும் வலி, எப்படிப் படுத்தாலும் இரவில் தணியாத வலி ஆகியவற்றுக்கும் மருத்துவர்தான். வயதானவர் சறுக்கி விழுந்தபின் கவட்டியில் வலிக்கிறது என்றால், "நடக்கிறாரே, எலும்பு உடைஞ்சிருக்காது" என்று விட்டுவிடாதீர்கள். தொடை எலும்பின் கழுத்தில் விலகாத விரிசல் விழுந்தவர்கள் சிலசமயம் நடந்தே வருவார்கள்.

நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்கள், மதுப்பழக்கம் அதிகமுள்ளவர்கள், சிக்கிள் செல் இரத்தநோய் உள்ளவர்கள் இவர்களுக்குக் கவட்டியிலோ பிட்டத்திலோ வலி வந்தால் தொடை எலும்பின் பந்துப் பகுதிக்கு இரத்த ஓட்டம் குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொடக்கத்தில் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கும். எம்ஆர்ஐ எடுத்தால்தான் தெரியும்.

விரல் வெளிப்பக்க எலும்பில் நின்றால்

இடுப்பின் பக்கவாட்டில் கையை வைத்தால் துருத்திக்கொண்டு ஒரு எலும்பு தட்டுப்படும். அதன் மேல் விரல் நிற்கிறது, அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை, மாடிப்படி ஏறும்போது சுரீர் என்கிறது, உட்கார்ந்து எழுந்ததும் முதல் சில அடிகள் நொண்டி நடக்கிறீர்கள். இப்படி வருகிறவர்களில் 40 வயதைத் தாண்டிய பெண்களே அதிகம். நீர்ப்பை வீக்கம் என்றுதான் இதற்கு முன்பெல்லாம் எழுதிக்கொடுத்தார்கள். ஸ்கேன்கள் நுணுக்கமான பிறகு தெரியவந்தது, பெரும்பாலும் சிதைந்திருப்பது அந்த எலும்பில் வந்து ஒட்டும் பிட்டத் தசைநாண்தான்.

சோதித்துப் பார்க்க: சுவரில் ஒரு விரலை மட்டும் தொட்டுக்கொண்டு வலிக்கிற காலில் 30 விநாடி நில்லுங்கள். அதே எலும்பில் அதே வலி கிளம்பினால் சந்தேகம் வலுக்கிறது.

ஓர் ஆசிரியை வந்திருந்தார். இரவில் புரண்டு படுக்க முடியவில்லை, ஊசி போட்டும் திரும்ப வந்துவிட்டது என்று நின்றபடியே சொல்லிக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. வலது காலில் மொத்த பாரம், இடது முழங்கால் தளர்ந்து மடிந்திருந்தது, வலது இடுப்பு வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. வலிக்கிற இடத்தில் கை. "டீச்சர், இப்போ எப்படி நிக்கிறீங்கன்னு கொஞ்சம் குனிஞ்சு பாருங்க" என்றேன். குனிந்து பார்த்தவர் உடனே இரண்டு காலிலும் சமமாக நின்றார். "வகுப்புல நாள் முழுக்க இப்படித்தான் மேடம் நிப்பேன்."

அந்த நிலையில் என்ன நடக்கிறது என்றால், இடுப்பு வெளியே தள்ளும்போது தசைநாண் அந்த எலும்பு முனையின்மேல் இறுக்கமாக மடிந்து, கூரான விளிம்பில் உரசும் கயிறு போல அழுந்துகிறது. கால்மேல் கால் போட்டு உட்காரும்போதும் அதே அழுத்தம். ஒருக்களித்துப் படுத்து மேல்கால் முன்னால் சரிந்து விழும்போதும் அதேதான். பிட்டத்தை இழுக்கும் ஸ்ட்ரெச்சிங் இருக்கிறதே, முழங்காலை எதிர்த் தோள்பட்டைக்குக் கொண்டுபோவது, அதுவும் இங்கே இதே அழுத்தத்தைத்தான் தரும். இவர்கள் இழுக்கவே கூடாது. இதைச் சொன்னால் முகம் வாடிவிடும். இழுத்தால் அப்போதைக்குச் சுகமாக இருக்கிறதே என்பார்கள். ராத்திரி எப்படி இருந்தது என்று கேட்டால் பதில் வராது.

செய்ய வேண்டியது இது. இரு காலிலும் பாரத்தைப் பகிர்ந்து நிற்பது. கால்மேல் கால் போடாதது. மல்லாந்து படுப்பதே மேல். முடியாவிட்டால் வலிக்காத பக்கம் ஒருக்களித்து, முழங்காலிலிருந்து கணுக்கால் வரை மேல்காலைத் தாங்குகிற அளவுக்குத் தடிமனான தலையணை வைப்பது. முழங்காலுக்கு மட்டும் ஒரு சின்னத் தலையணை வைத்தால் போதாது, பாதம் தாங்கலில்லாமல் கீழே சரிந்துவிடும்.

பயிற்சி மெதுவாகத் தொடங்கட்டும். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, முழங்காலுக்குச் சற்று மேலே ஒரு பெல்ட்டைச் சுற்றுங்கள், இடுப்பகலத்துக்குக் கால்கள் விரிந்திருக்கும்படி. பெல்ட்டை வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள், பத்தில் மூன்று பங்கு பலத்தில், 30 விநாடி. விட்டுவிட்டு நான்கைந்து தடவை. கால் அசையக் கூடாது, தசை மட்டும் இறுக வேண்டும். இது பழகியதும் இடுப்பைத் தூக்கும் பிரிட்ஜ், முதலில் இரண்டு காலில், பிறகு பாரத்தை ஒரு காலுக்கு மாற்றி மாற்றி. அதன்பின் கண்ணாடி முன்னால் தாழ்வான படியில் ஏறி இறங்குவது. ஏறும்போது இடுப்பு ஒரு பக்கம் தொங்கக் கூடாது. தொங்குகிறது என்றால் படி உயரம், குறைத்துக்கொள்ளுங்கள்.

"இவ்வளவுதானா, ஒரு ஊசி போட்டுடலாமே?" என்று கேட்பவர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்வேன். 2018-ல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்தது. இதே வலியுள்ள 204 பேரை மூன்றாகப் பிரித்தார்கள்: ஒரு குழுவுக்கு மேலே சொன்ன மாதிரி நிலை மாற்றங்களும் பயிற்சியும், இன்னொன்றுக்கு ஸ்டீராய்டு ஊசி, மூன்றாவது குழு சும்மா காத்திருந்தது. எட்டு வாரத்தில் நன்றாகத் தேறியதாகச் சொன்னவர்கள் முறையே சுமார் 77, 58, 29 சதவீதம். ஒரு வருடம் கழித்து 79, 58, 52. கடைசி எண்ணையும் பாருங்கள். சும்மா இருந்தவர்களிலும் பாதிப்பேர் தேறியிருக்கிறார்கள். ஊசி கெட்டது என்று நான் சொல்லவில்லை. வலி தாங்காமல் பயிற்சியே செய்ய முடியாதவருக்கு அது ஒரு அவகாசம் வாங்கித் தரும். நிற்கிற விதம் மாறாமல் ஊசியை மட்டும் நம்பினால் வலி திரும்பி வருவதில் ஆச்சரியம் இல்லை.

உட்காரும் எலும்பில் நின்றால்

கடினமான பெஞ்சில் உட்கார்ந்தால் பலகையில் குத்துகிற எலும்பு. வலி சரியாக அங்கே, பிட்டமும் தொடையும் சேரும் மடிப்பில். கார் ஓட்டினால் கூடும், எழுந்து நின்றால் குறையும். குனிந்து தரையில் எதையாவது எடுக்கும்போது இழுக்கும். மேட்டில் ஓடும்போதும் நீட்டி நடக்கும்போதும் கடுக்கும். தொடையின் பின்தசை அந்த எலும்பில்தான் தொடங்குகிறது. அந்தத் தசைநாண் நைந்திருக்கிறது என்பதே முதல் சந்தேகம். ஓடுகிறவர்களுக்கு வரும், ஓடாமல் நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பவர்களுக்கும் வரும்.

மல்லாந்து படுத்து, குதிகாலை ஒரு நாற்காலியின் மேல் வைத்து, முழங்காலை லேசாக மட்டும் மடக்கி, அந்த ஒரு காலின் பலத்தில் பிட்டத்தைத் தூக்குங்கள். அந்த எலும்பிலேயே பளிச்சென்று வலித்தால் விரல் சரியான இடத்தைத்தான் காட்டியிருக்கிறது.

இவர்களும் இழுக்கக் கூடாது. குனிந்து கால் விரலைத் தொடுவதை நிறுத்துங்கள். இழுக்கும்போது தசைநாண் எலும்பில் அழுந்துகிறது என்ற அதே காரணம்தான். உட்காரும்போது தொடைகளின் அடியில் மடித்த துண்டு ஒன்றை வைத்தால் பாரம் தொடைக்குப் போய் எலும்பு கொஞ்சம் மேலே நிற்கும். அரைமணிக்கு ஒருதரம் எழுந்திருங்கள். பயிற்சிக்கு: மல்லாந்து படுத்து, முழங்கால் மடக்கி, இரு குதிகாலையும் ஊன்றி இடுப்பைத் தூக்கி 30 முதல் 45 விநாடி நிறுத்துவது, நான்கைந்து தடவை. சில வாரத்தில் குதிகாலை இன்னும் தள்ளி வையுங்கள், பாரம் கூடும். பிறகு ஒற்றைக் கால். எடையைப் பிடித்துக்கொண்டு இடுப்பிலிருந்து குனிந்து நிமிர்வது எல்லாவற்றுக்கும் கடைசியில். முதல் மாதத்தில் அதற்கு ஆசைப்பட வேண்டாம்.

நடுப்பகுதியில் ஆழமாக நின்றால்

இதுதான் தகராறு பிடித்த இடம். பிட்டத்தின் நடுவே, விரலால் எட்ட முடியாத ஆழத்தில் குடைச்சல். சிலருக்குத் தொடையின் பின்னால் இறங்கி, கெண்டைக்கால் வரை மின்சாரம் பாய்கிற வலி, எறும்பு ஊர்கிற உணர்ச்சி, மரத்துப்போவது. உடலிலேயே பருமனான நரம்பு சயாட்டிக் நரம்பு. பிட்டத்துக்குள் அது பிரிஃபார்மிஸ் என்ற தசையின் அடியில் நுழைந்து இறங்குகிறது. சிலருக்குத் தசையைத் துளைத்துக்கொண்டும் போகிறது. அந்தத் தசை இறுகினால் நரம்பு நெரிபடும் என்பதே பிரிஃபார்மிஸ் சிண்ட்ரோம்.

இதில் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1934-ல் மிக்ஸ்டர், பார் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போலிருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதை விளக்கி எழுதினார்கள். அதுவரை தசைமீதும் எஸ்ஐ மூட்டுமீதும் போட்ட பழியெல்லாம் டிஸ்க்மேல் திரும்பியது. 1947-ல் ராபின்சன் என்பவர் பிரிஃபார்மிஸ் சிண்ட்ரோம் என்ற பெயரை எழுதி, தசையை மறுபடி குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். இப்போது வீடியோக்களின் புண்ணியத்தில் தசைதான் முன்னணியில் நிற்கிறது. என் அனுபவத்தில் தொடைக்குக் கீழே இறங்கும் வலிக்கு முதுகே பெரும்பாலும் காரணம். பிட்டத்துத் தசை காரணமாக இருப்பது உண்டு, ஆனால் அதை முதுகைச் சோதித்துத் தள்ளிய பிறகுதான் ஒத்துக்கொள்வேன்.

முதுகைச் சோதிக்கும் வழி: நாற்காலியில் உட்கார்ந்து முதுகைக் கூனி, தாடையை நெஞ்சில் சேர்த்து, வலிக்கிற காலை முன்னால் நீட்டுங்கள். வலி கிளம்புகிறதா? காலை அசைக்காமல் தலையை மட்டும் நிமிர்த்துங்கள். பிட்டத்து வலி தணிந்தால் சம்பந்தப்பட்டது நரம்பு. தலை நிமிர்வதால் பிட்டத்துத் தசை தளர்வதில்லையே. இருமினாலும் தும்மினாலும் வலி காலுக்குப் பாய்ந்தால் முதுகின்மேல் சந்தேகம் கூடுகிறது. குதிகாலால் கொஞ்ச தூரம், முன்பாதத்தால் கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். ஒரு பக்கம் பலமில்லை என்றால் இங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

அடுத்து, குப்புறப் படுத்து, இடுப்பு தரையிலேயே இருக்க, கைகளை ஊன்றி மேலுடம்பை மட்டும் பத்துத் தடவை உயர்த்தி இறக்குங்கள். காலில் இருந்த வலி பிட்டத்துக்கும், பிட்டத்து வலி முதுகுக்கும் ஏறினால் நல்ல சகுனம். முதுகில் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. அதையே தினமும் சிலமுறை செய்யுங்கள். வலி கீழே இறங்கினால் உடனே நிறுத்துங்கள், அது உங்களுக்கான பயிற்சி இல்லை.

முதுகு சுத்தம், உட்கார்ந்தால் மட்டும் வலி, பிட்டத்தின் நடுவில் அழுத்தினால் அதே வலி என்றால் பிட்டத்துக்குள்ளேயே நரம்பு நெரிபடுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். முதலில் பின்பாக்கெட்டைப் பாருங்கள். 1978-லேயே ஓர் அமெரிக்க மருத்துவர், கிரெடிட் கார்டுகள் அடைத்த பணப்பையின்மேல் உட்கார்ந்து வரும் சயாட்டிகாவைப் பற்றி எழுதிவிட்டார். என்னிடம் வந்த ஒரு லாரி ஓட்டுநருடைய பின்பாக்கெட்டில் பணப்பையோடு வண்டிக் காகிதங்கள், சாவிக்கொத்து வேறு. "அண்ணே, அதை எடுத்து மேசையில வைங்க" என்றதும், "இதுவா மேடம்? இது இருபது வருஷமா இங்கதான இருக்கு" என்றார். அதைத்தானே நானும் சொல்கிறேன் என்றேன்.

இந்த வகைக்கு இழுக்கலாம். மல்லாந்து படுத்து, வலிக்கிற பக்க முழங்காலை மடக்கி எதிர்த் தோள்பட்டை நோக்கி மெதுவாக, 30 விநாடி, மூன்று தடவை. பிட்டத்தில் இதமான இழுவை தெரிய வேண்டும். காலில் மரமரப்பு கூடினால் பாதியிலேயே விட்டுவிடுங்கள். டென்னிஸ் பந்தின்மேல் உட்கார்ந்து உருட்டுவதில் எனக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. உட்காரும் எலும்புக்கும் வெளிப்பக்க எலும்புக்கும் ஏறக்குறைய நடுவில்தான் நரம்பு இறங்குகிறது. அங்கே பந்தை வைத்து நசுக்காதீர்கள். பிட்டத்தின் மேல், வெளிப்புறப் பகுதியில் மட்டும் ஒரு நிமிடத்துக்கு மிகாமல். மின்சாரம் மாதிரி ஓடினால் பந்தை நகர்த்துங்கள்.

நரம்பை இழுக்காமல் வழுக்கவிடும் பயிற்சி ஒன்று: நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை நீட்டும்போது தலையை மேலே நிமிர்த்துங்கள், முழங்காலை மடக்கும்போது தலையைக் குனியுங்கள். ஒரு முனையில் இழுத்தால் மறுமுனையில் தளர வேண்டும். பத்துத் தடவை, நிதானமாக.

பள்ளத்தில் நின்றால், கவட்டியைப் பிடித்தால்

இடுப்புக்குக் கீழே முதுகின் இருபுறமும் சின்னக் குழி இருக்கும். விரல் அதன் ஓரத்திலேயே நின்று, வலி இடுப்புப் பட்டி கட்டும் இடத்துக்கு மேலே ஏறாமல் இருந்தால் எஸ்ஐ மூட்டைப் பார்க்க வேண்டும். கர்ப்பகாலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் சகஜம். படுக்கையில் புரளும்போது இரண்டு முழங்காலையும் ஒட்டிவைத்தே புரளுங்கள். ஒற்றைக் காலில் நின்று உடை மாற்றாதீர்கள். இடுப்புப் பட்டி பலருக்கு இதம் தரும்.

இந்த இடத்தில் ஒன்றைத் தவறவிடக் கூடாது. 45 வயதுக்குள் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிறது, காலையில் அரைமணிக்கு மேல் விறைப்பு, ஓய்வெடுத்தால் கூடுகிறது, நடமாடினால் குறைகிறது, பின்னிரவில் எழுப்பிவிடுகிறது, ஒருமுறை இடது, ஒருமுறை வலது என்று பிட்டம் மாறி மாறி வலிக்கிறது. இது பளு தூக்கியதால் வந்த வலி இல்லை, உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் வாதமாக இருக்கலாம். மூட்டுவாத மருத்துவரிடம் போனால் இரத்தப் பரிசோதனையும் எஸ்ஐ மூட்டுக்கென்று எம்ஆர்ஐயும் எடுப்பார். பல வருடங்கள் பிசியோ என்றும் பெல்ட் என்றும் அலைந்த பிறகு இந்நோய் என்று தெரிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் கோபம்தான் வரும்.

விரலுக்குப் பதிலாக, கட்டைவிரல் பின்னாலும் மற்ற விரல்கள் கவட்டிப் பக்கமுமாக இடுப்பையே கவ்விப் பிடித்துக் காட்டுகிறீர்களா? அப்படியென்றால் இடுப்பு மூட்டு. சாக்ஸ் போடவும் கால் நகம் வெட்டவும் சிரமம், சம்மணம் போட்டால் முழங்கால் தரைக்கு வராமல் கவட்டியில் பிடிக்கும். நாற்காலியில் உட்கார்ந்து முழங்கால்களை அசைக்காமல் பாதங்களை வெளிப்பக்கம் விரியுங்கள். வலிக்கிற பக்கப் பாதம் கொஞ்சம்தான் போகிறது என்றால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம். சம்மணத்தை வலுக்கட்டாயமாகப் பழகுவதால் மூட்டுத் தளராது, சண்டைதான் வரும். கைத்தடி பிடிப்பதாக இருந்தால் வலிக்காத பக்கக் கையில் பிடியுங்கள். இதைச் சொல்லாவிட்டால் அநேகமாக எல்லோரும் மாற்றித்தான் பிடிப்பார்கள்.

நடந்தால் மட்டும் வருகிற வலி என்றால் ஒரு கேள்வி. நின்றால் போதுமா, உட்கார்ந்தாலோ குனிந்தாலோதான் போகிறதா? குனிந்தால் போகிறது என்றால், அதுவும் 60 வயதுக்கு மேல் என்றால், முதுகெலும்பின் குழாய் குறுகியிருக்கலாம். இவர்களுக்கு முன்பு சொன்ன குப்புறப் பயிற்சி ஆகாது. சைக்கிள் ஓட்டுவது ஒத்துக்கொள்ளும். சும்மா நின்றாலே சில நிமிடத்தில் அடங்குகிறது என்றால் இரத்தக்குழாய் அடைப்பைச் சோதிக்க வேண்டும், முக்கியமாகப் புகைப்பவர்களும் சர்க்கரை உள்ளவர்களும்.

ஸ்கேனும் மாத்திரையும்

எம்ஆர்ஐயில் "டிஸ்க் பல்ஜ்" என்று எழுதியிருந்தால் அதுவே காரணம் என்று முடிவுகட்ட வேண்டாம். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் வந்த ஆய்வில் 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும் 80 வயதுக்காரர்களில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுக்கம் இருந்தது. விரல் காட்டும் இடமும் மேலே செய்த சோதனைகளும் ஸ்கேனும் ஒரே கதையைச் சொன்னால்தான் அந்த அறிக்கைக்கு மதிப்பு. லாரி ஓட்டுநர் அண்ணனின் ஸ்கேனிலும் பிதுக்கம் இருந்தது, வலியில்லாத பக்கம்.

வலி மாத்திரை சில நாளுக்கு உதவும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. வெந்நீர்ப் பை இறுக்கத்துக்கு இதம். மரத்துப்போன தோலில் வைத்தால் சுட்டாலும் தெரியாது, அதை மட்டும் கவனியுங்கள்.

எந்தப் பயிற்சி செய்தாலும் ஓர் அளவுகோல் வேண்டும். பூஜ்யம் முதல் பத்து வரை வலியை மதிப்பிடுங்கள். செய்யும்போது மூன்று வரை போனால் தொடரலாம். மறுநாள் காலை பழைய நிலைக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லையென்றால் முந்தின நாள் அதிகமாகிவிட்டது. பயிற்சியை விடாமல் பாதியாகக் குறையுங்கள். தசைநாண் தேற மூன்று மாதமாவது ஆகும். இரண்டு வாரத்தில் "ஒண்ணும் பிரயோஜனமில்ல மேடம்" என்று வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன், அதே பயிற்சியோடு.

ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் அணுவளவும் மாற்றமில்லையென்றால் பயிற்சியைச் சந்தேகிப்பதற்கு முன் கண்டுபிடிப்பைச் சந்தேகியுங்கள். மருத்துவரிடம் போகும்போது ஒரு தாளில் இதை எழுதிக்கொண்டு போங்கள்: விரல் நின்ற இடம், உட்கார்ந்தால், நின்றால், நடந்தால், படுத்தால் எத்தனை நிமிடத்தில் வலி வருகிறது, எதைச் செய்தால் போகிறது, காலையில் எவ்வளவு நேரம் விறைப்பு, மரத்துப்போகும் இடம் எதுவரை, இதுவரை போட்ட ஊசி, சாப்பிட்ட மாத்திரைகளின் பெயர்கள். ஸ்டீராய்டு எடுத்திருந்தால் அதை முதல் வரியில் எழுதுங்கள்.